சப்பிரகமுவாத் தோட்டங்களும் துவக்குச் சட்டமும்

ஓர் அரசு தன் குடிகளுள் யாரை நம்பியது, யாருக்கு அஞ்சியது என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவன் அரசியற் சாசனங்களையும் சட்டசபை விவாதங்களையுமே பெரும்பாலும் நாடுவான். துவக்குச் சட்டங்களைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலர். ஆயினும் அவ்வினாவுக்கு அச்சட்டங்கள் தரும் விடை ஏனையவை தருவதினும் நேரானது. யார் துவக்கு வைத்திருக்கலாம், யார் வைத்திருத்தலாகாது, அதற்கு யார் முன் சென்று நிற்க வேண்டும், என்ன கட்டணம் இறுக்க வேண்டும் என்று வகுக்கும்போது ஆட்சியாளர் தம் உள்ளத்தை மறைத்துக்கொள்ளுதல் அரிது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அடங்கிய சப்பிரகமுவாவை நிலைக்களமாகக் கொண்டு, அங்குள்ள தோட்டத் தமிழ் மக்களின் வாழ்வை இச்சட்டங்கள் எவ்வாறு தொட்டன, எவ்விடத்திலே தொடாது விட்டன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் துப்பாக்கி என்பதனை ஈழத்தார் துவக்கு என்பர். சிங்கள மக்களும் துவக்குவ என்றே வழங்குவர். துருக்கியும் பாரசீகமும் கடந்து வந்த ஒரே சொல்லின் வெவ்வேறு உருவங்களே இவை. கருவி எத்திசையிலிருந்து வந்ததென்பதற்கு இச்சொல்லே சான்று. நம் தோட்டத்து லயங்களில் இரு சொற்களும் வழங்குகின்றன. வைத்திருப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

சப்பிரகமுவா இரும்புக்குப் பேர்போன நாடு. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவைச் சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பண்டைய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் அகழ்ந்து கண்டு, 1996 இல் உலகறிய வெளியிட்டார். மேல்காற்று மலைமுகட்டில் மோதி எழும் இடம் பார்த்து உலை அமைத்த அக்கம்மியரின் அறிவு வியக்கற்பாலது. அக்கலையின் கடைசிக் கொழுந்தைக் கண்ணாற் கண்டு எழுதியவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த அவர், பலாங்கொடைப் பகுதியிலுள்ள ஹத்தரபாகை, அலுத்நுவரை ஆகிய ஊர்களில் இரும்பும் உருக்கும் செய்யும் முறையைக் கண்டறிந்து, 1908 இல் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் சேர்த்தார். சீமை இரும்பு மலிவாக வந்திறங்கியபின் அவ்வுலைகள் அணைந்தன.

இரும்பும் கொல்லரும் உள்ள நாட்டிலே துவக்குக் கலை விரைந்து வேரூன்றியதில் வியப்பில்லை. 1505 இல் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கினர். 1521 இல் மாயாதுன்னை நிறுவிய சீதாவாக்கை அரசு, சப்பிரகமுவாவின் வாயிலாகிய அவிசாவளையைத் தலைநகராகக் கொண்டது. அவனும் அவன் மகன் இராசசிங்கனும் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற காலத்தில், சிங்களக் கம்மியர் பகைவரிடம் கண்ட கருவியைத் தாமே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டனர். அவர்கள் செய்த துவக்கின் சிறப்பைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான தியோகோ தொ கூட்டோவே பாராட்டியுள்ளார். சுருள் சுருளாகச் செதுக்கிய கட்டையும் தந்தமும் வெள்ளியும் இழைத்த குழலுமுடைய கண்டித் துவக்குகளை இன்றும் அரும்பொருட் சாலைகளிற் காணலாம். எனவே, துவக்கு என்பது வெள்ளையர் கையில் மட்டும் இருந்த ஒன்று, மலைநாட்டார் அதனை அறியார் என்று பள்ளிப் பிள்ளைகள் எண்ணுவது தவறு. கண்டி அரசின் கீழ்ப் படைத்தொழில் இராசகாரியத்தின் ஒரு கூறு. திசாவையின் அழைப்பு வந்தாற் குடியானவன் கலப்பையை வைத்துவிட்டுத் துவக்கை எடுப்பான். போர் முடிந்தால் அதே துவக்கு சேனைப்பயிரை மேயும் பன்றியை நோக்கித் திரும்பும்.

இந்நிலை ஆங்கிலேயர் காலத்தில் மாறியது. 1814 இற் சப்பிரகமுவாவின் திசாவையாயிருந்த எகலப்பொலை அரசனுக்கு மாறாக எழுந்ததும், அவன் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையும், 1815 மார்ச்சு 2 இற் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் யாவரும் அறிந்தவை. ஊவாவில் எழுந்த பெருங்கலகம் அடக்கப்பட்டபின் 1818 நவம்பர் 21 இல் வெளியான பிரகடனம் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்தது. ஆனால் வெள்ளையருக்கும் குடியானவனின் துவக்குக்கும் நேரடி மோதல் நிகழ்ந்தது முப்பது ஆண்டுகள் கழித்தேயாம்.

1848 இல் தேசாதிபதி டொறிங்டன் பிரபு, கோப்பி விலை வீழ்ச்சியால் இளைத்துப்போன திறைசேரியை நிரப்புவதற்குப் புதுப்புது வரிகளை விதித்தார். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாய்க்கு வரி, தெருவேலைக்கு உடலுழைப்பு அல்லது பணம். இவற்றோடு துவக்குக்கும் ஆண்டுதோறும் 2 ஷில்லிங் 6 பென்சு உரிமக் கட்டணம். சூலை 1 இல் நடைமுறைக்கு வந்த இவ்வரிகளை எதிர்த்துச் சூலை 6 இலேயே கண்டியில் மக்கள் திரண்டனர். அம்மாத இறுதியில் மாத்தளையிலும் குருநாகற் பக்கத்திலும் கலகம் மூண்டது. கோப்பித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகத்து 8 இற் சுட்டுக் கொல்லப்பட்டான். இங்கிலாந்தின் மக்கட்சபை விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. டொறிங்டன் 1850 இல் ஊர் திரும்ப நேர்ந்தது.

கலகத்துக்குக் காரணங்கள் பல. துவக்கு வரி அவற்றுள் ஒன்றுதான். எனினும் அதைச் சிறிது நின்று நோக்குதல் தகும். நாய்க்கும் துவக்குக்கும் வரி என்றதும் கொழும்பிலிருந்த வெள்ளைக்காரருக்கு அவை வேட்டை விளையாட்டின் துணைக்கருவிகளாகத் தோன்றியிருக்கும். இங்கிலாந்திலே அவை செல்வர் வீட்டுப் பொருள்கள் அல்லவா? மலைநாட்டுக் குடியானவனுக்கோ நாய் இராக் காவல், துவக்கு பயிர்க்காவல். மண்வெட்டிக்கு வரி கேட்டாற் போன்றதே அது. இவ்விரு பார்வைகளின் முரண்பாடு 1848 உடன் ஒழியவில்லை.

இனி, கடலுக்கு அக்கரையை நோக்குவோம். சப்பிரகமுவாத் தோட்டங்களுக்கு ஆள்சேர்க்கப்பட்ட தமிழ் மாவட்டங்களிலும் ஏறக்குறைய இதே கதை, சற்று முன்னதாக நடந்து முடிந்திருந்தது. 1799 இற் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிற் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம், பாளையங்களின் கோட்டைகளை இடித்துத் தரைமட்டமாக்கவும், குடிகளின் ஆயுதங்களைப் பறிக்கவும் வழிசெய்தது. 1857 இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர் நாடெங்கும் ஆயுதப் பறிப்பு மும்முரமாயிற்று. லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878 இல் நிறைவேறிய இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியன் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்கலாம். வெள்ளைக்காரனுக்கு விலக்கு உண்டு. காந்தியடிகள் பிற்காலத்திற் கடிந்துரைத்த சட்டம் இது.

ஆகவே கங்காணியின் பின்னே தலைச்சுமையோடு கப்பலேறிய குடியானவன், ஆயுதம் பறிக்கப்பட்ட ஒரு மண்ணிலிருந்து ஆயுதத்துக்கு உரிமம் கேட்கும் இன்னொரு மண்ணில் வந்திறங்கினான். இங்கே அவன் கண்ட ஏற்பாடு இன்னும் இறுக்கமானது. துவக்கு துரையின் பங்களாவில் இருந்தது. கலவாத்துக் கத்தியும் மண்வெட்டியும் கொழுந்துக் கூடையும் அவனுக்குரியவை.

1889 இற் சப்பிரகமுவா தனி மாகாணமாயிற்று. கோப்பி அழிந்து தேயிலையும், அதன்பின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் பரவின. இம்மாகாணத்துத் தோட்டங்களுக்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. நுவரெலியாப் பக்கத்தில் மலைமேல் மலையாகத் தோட்டங்களே தொடர்கின்றன. இங்கோ ஒரு தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சிங்களக் கிராமம், வயல், கித்துள் மரம், இரத்தினக்கற் குழி, காடு. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் வாழும் தோட்டத் தமிழன் கிராமத்தை நாள்தோறும் கண்டு பழகுபவன். துவக்குச் சட்டத்தின் விளைவுகளை அவன் இரு பக்கங்களிலிருந்தும் உணர்வதற்கு இதுவே காரணம்: மேலே பங்களாத் துவக்கு, கீழே கிராமத் துவக்கு.

மேலேயுள்ள துவக்கு தனிமனிதரின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. 1900 இல் இலங்கைத் தோட்டத்துரைமாரின் துவக்குப்படை அமைக்கப்பட்டது. அதிலிருந்தோர் தென்னாபிரிக்கப் போருக்கும் பின்னர் முதலாம் உலகப் போருக்கும் சென்றனர். 1949 இற் கலைக்கப்படும் வரை அது வெள்ளைத் துரைமாரின் படையாகவே விளங்கியது. அவர்களது பயிற்சி உள்ளூர் மக்கள்மேல் எவ்வாறு செலவிடப்படலாம் என்பது 1915 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் எழுந்த சிங்கள முஸ்லிம் கலவரம் கேகாலை உள்ளிட்ட பல இடங்களுக்குப் பரவ, சூன் 2 இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. பஞ்சாபிப் படைவீரரோடு, ஆயுதம் தாங்கிய தோட்டத்துரைமாரும் நகரக் காவலரான வெள்ளை வணிகரும் கலவரத்தை அடக்கப் புறப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. இளைஞனான என்றி பேதிரிசுக்குச் சூலை 7 இற் கொலைத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று இக்கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவற்றைத் தொகுத்து 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். தேசாதிபதி சாமர்ஸ் மீள அழைக்கப்பட்டார்.

இவ்வளவும் நடந்த மறு ஆண்டே, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னிருந்த விதிகளைத் தொகுத்துத் திருத்துவதாகவே அது தன்னைக் கூறிக்கொள்கிறது. எனினும் பிறந்த காலத்தை நோக்கினால், எதன் நிழல் அதன்மேல் விழுந்ததென ஊகித்தல் கடினமன்று. துவக்கை இறக்குமதி செய்தல், செய்தல், செப்பனிடுதல், விற்றல், வைத்திருத்தல் யாவும் அதன்படி உரிமத்துக்கு உட்பட்டன. உரிமம் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். வழங்கவும் மறுக்கவும் அதிகாரமுடையவர் அரசாங்க அதிபர். இரத்தினபுரியில் அரசாங்க அதிபரும் கேகாலையில் உதவி அரசாங்க அதிபரும் அமர்ந்த கச்சேரிகளே இம்மாகாணத்துத் துவக்குகளின் விதியை முடிவு செய்தன. அரசின் படையும் பொலிசும் கடமையிற் பயன்படுத்தும் ஆயுதங்களுக்கு இவ்வுரிமம் வேண்டியதில்லை.

இச்சட்டத்தை நுணுகிப் படிப்பவன், தொழிலாளி என்றோ தமிழன் என்றோ இந்தியன் என்றோ அதில் ஒரு சொல்லையும் காணான். 1878 இன் இந்தியச் சட்டத்தின்கீழ் நிறவேற்றுமை விதியாகவே இருந்தது. இங்கே அப்படி எழுதவேண்டிய தேவை எழவில்லை. விண்ணப்பிப்பவன் தகுதியுடையவனா என்று அதிகாரி தம் மனத்தில் நிறுவினாற் போதும். கிராமத்தானுக்கு அத்தகுதியை எடுத்துச் சொல்ல ஆரச்சியும் இரட்டைமகாத்தயாவும் இருந்தனர்; துரைக்கு அவர் நிறமே சாட்சி. லயத்தில் வாழ்பவனுக்கு யார் சாட்சி? அவனுக்காகப் பேசக்கூடியவர் துரை ஒருவரே. தம் தொழிலாளி கையில் துவக்கு ஏறுவதை விரும்பும் துரை இருந்திருப்பாரா என்பதை வாசகர் சிந்தையிலேயே விட்டுவிடலாம்.

நிலம் பற்றிய கேள்வி இதனினும் ஆழமானது. பயிர்ப் பாதுகாப்புக்கெனத் துவக்குக் கேட்பவன் தன் பயிரையும் பயிர் நிற்கும் நிலத்தையும் காட்டல் வேண்டும். தோட்டத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட மரக்கறிப் பாத்தியும் மரவள்ளிக் கொல்லையும் கம்பனிக்கு உரியவை; 1975 இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமான பின் அரசுக்கு உரியவை. தன்னுடைய தென்று காட்ட அவனிடம் ஒரு காணித்துண்டும் இல்லை. எவ்வளவு காலம் உழைத்தாலும் மண்மேல் உரிமை பிறவாதென்பதை 1946 இற் கேகாலை மாவட்டத்து உந்துகொடையிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்திலே யாவரும் கண்டனர். கிராம விரிவாக்கத்துக்கென அரசு அத்தோட்டத்தைப் பொறுப்பேற்று, தொழிலாளரை லயங்களைவிட்டு வெளியேறப் பணித்தது. வேலைநிறுத்தமும் வழக்கும் தொடர்ந்தன. இரண்டு ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாட்டுரிமையையும் எடுத்துக்கொண்டது. காணியும் இல்லை, நாடும் இல்லை என்றானவன் கச்சேரிப் படியேறித் துவக்குக் கேட்பதெங்ஙனம்?

துவக்கு இல்லாமை ஒரு குறையா என்று சிலர் வினவலாம். இக்கட்டுரையாளனும் துவக்கை விரும்புபவன் அல்லன். ஆனால் பன்றி சட்டம் படிப்பதில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்கும் சிறுத்தைக்கும் காவல் தந்தது, காட்டுப்பன்றிக்குத் தரவில்லை. பன்றியைக் கொல்லலாம், கொல்லும் கருவிதான் எல்லார்க்கும் உரியதன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மாவும் அரிசியும் அருகிய அந்நாளில் லயத்தின் பின்னுள்ள மரவள்ளியே உயிர்ப்பிடி. அக்கிழங்கை ஓர் இரவிற் கிண்டித் தின்றுவிட்டுப் போகும் மந்தையை நோக்கித் தகரத்தைத் தட்டிக்கொண்டும் தீப்பந்தம் பிடித்துக்கொண்டும் விடியும்வரை விழித்திருந்த முதியோரின் வாய்மொழியை யான் பலமுறை கேட்டிருக்கிறேன். காலையிற் பேரட்டுக்கு அவர்கள் நேரத்துக்குப் போயாக வேண்டும்.

கிராமத்தவருள்ளும் உரிமத்துவக்கு வாங்க வசதியற்றோர் பலர். சட்டம் விட்ட இடைவெளியை அவர்கள் வேறு வழியால் நிரப்பினர். அதுவே கட்டுத்துவக்கு. நீர்க்குழாய்த் துண்டொன்றில் மருந்தும் ஈயமும் இடித்து, பன்றி வரும் தடத்திற் கம்பியையோ நூலையோ குறுக்கே கட்டிவிட்டுப் போவார்கள். நூலைத் தட்டியது பன்றியா மனிதனா என்று அது பார்ப்பதில்லை. சட்டம் இதனை அறவே தடைசெய்கிறது. ஆயினும் எம்பிலிப்பிட்டிப் பக்கத்துக் காட்டோரங்களிலும் இறக்குவானை மலையடிவாரத்திலும் அது ஒழியவில்லை. பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்துக் கட்டப்படுவதால் மனிதன் அகப்பட்டாற் பெரும்பாலும் காலே சிதையும். விறகுக்குச் செல்லும் தோட்டப் பெண்ணும், கல் தோண்டச் செல்லும் கிராமத்து இளைஞனும் இவ்விடயத்தில் ஒரே நிலையினர். உரிமம் பெற்ற துவக்கினும் உரிமம் பெறாத இக்குழாயே சப்பிரகமுவாவில் ஏழைகளை மிகுதியாக அச்சுறுத்துவது எனலாம்.

உரிமம் வேண்டாத துவக்கொன்று உண்டென்று மேலே குறித்தோம். அது சுட்ட கதையும் சேர்ந்தாலன்றி வரலாறு முற்றுப்பெறாது. சப்பிரகமுவாவுக்கு வெளியேயாயினும், தோட்டத் தொழிலாளர் யாவரும் தமதென்றே கொள்ளும் பெயர்கள் இரண்டு. 1940 சனவரியில் எவாகெட்டையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதத்தில் தலவாக்கலையிலுள்ள டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்வதை எதிர்த்த தொழிலாளர்மீது சுட்டதிற் சிவனு இலட்சுமணன் இறந்தார். முன்னது கூலிக்கான போராட்டம், பின்னது நிலத்துக்கானது.

1971 ஏப்பிரற் கிளர்ச்சி சப்பிரகமுவாவை, சிறப்பாகக் கேகாலை மாவட்டத்தை, உலுக்கியது. கிளர்ச்சியாளரிடம் இருந்தவை பெரும்பாலும் வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளும், தகரப் பேணிகளில் அடைத்த கைக்குண்டுகளுமே. பன்றிக்கென்று கச்சேரி எண்ணிட்டுக் கொடுத்த துவக்கு பொலிசு நிலையத்தை நோக்கித் திரும்பிய அந்நாளில், 1848 இல் வெள்ளையர் கொண்ட ஐயம் சுதந்திர அரசுக்கும் பிறந்தது. 1987 தொடக்கம் 1989 வரையிலும் வீடு வீடாகத் துவக்குத் தேடியோர் வந்தனர். அக்காலத்தில் உரிமம் வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. இவ்விரு காலத்திலும் தோட்டத்து லயங்களில் எவரும் துவக்குத் தேடவில்லை. அங்கே இல்லையென்பது இருசாராருக்கும் தெரியும்.

அது அங்கே இல்லையென்பதை வேறு சிலரும் அறிந்திருந்தனர். 1977 இலும், 1981 ஆகத்திலும், 1983 சூலையிலும் இனவன்செயல் நிகழ்ந்தபோது இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எளிதிற் புகக்கூடிய இடங்களாயின. 1981 இற் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தொழிலாளர் இரவோடிரவாகத் தேயிலைச் செடிகளுக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளிந்து உயிர்தப்பினர். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியோர் பலர். துவக்கு இருந்திருந்தால் அவர்கள் நிலை நன்றாயிருக்கும் என்று யான் சொல்ல வரவில்லை. இரத்தம் இன்னும் மிகுதியாகவே சிந்தியிருக்கும். குடியானவனிடம் ஆயுதத்தை விலக்கி வைக்கும் அரசு அவனைத் தானே காப்பதாக ஒப்புக்கொள்கிறது என்பதே எந்த ஆயுதச் சட்டத்துக்கும் அடிப்படை நியாயம். அவ்வொப்பந்தத்தின் ஒரு பாதி மட்டுமே அத்தோட்டங்களில் நிறைவேறியது என்பதுதான் என் முறைப்பாடு.

பின்வந்த சட்டங்களை விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1966 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கத் தாக்கற் கருவிகள் சட்டம் குண்டு முதலியவற்றைத் தடைசெய்தது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது. தானியங்கித் துவக்குக்கு ஆயுட்சிறை வரை உண்டு. 2024 இன் இறுதியில், தற்காப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. 1916 இன் கட்டளைச் சட்டமோ, ஒட்டுக்களோடும் வெட்டுக்களோடும் இன்றும் நின்று நிலவுகிறது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால், எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் குடியுரிமை கிடைத்தது. நிலவுரிமை அவ்வாறு முற்றக் கிடைத்திலது.

இத்துறையில் ஆராய விரும்பும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புக்களும் ஆண்டறிக்கைகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. இரத்தினபுரி, கேகாலைக் கட்டுக்களை எடுத்து, துவக்கு, பன்றி, சேனை என்னும் சொற்கள் வரும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். அவற்றிலே தோட்டத் தொழிலாளியின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறதென்பதையும் எண்ணிப் பாருங்கள். லயத்து முதியோரிடம் பன்றிக்காவல் இருந்த கதையைக் கேட்டு எழுதும் வேலையை மட்டும் பின்னுக்குத் தள்ளவேண்டாம். 1974 ஐ நினைவிற் கொண்டோர் இப்போது மிகச் சிலரே இருக்கின்றனர்.